மயில்துத்தமும் மூலக்கூற்றுக் காந்தமும்

காந்தம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இரும்பே. தையல் வகுப்பில் சிதறிய குண்டூசிகளைத் திரட்டக் காந்தத்தைத் தேடுகிறோம். சிறு வயதில், மழைநீர் ஓடிக் காய்ந்த வாய்க்கால் மணலில் அதை உருட்டிக் கருந்தூள் சேர்க்காதவர் நம்மில் யார்? இரும்பு காந்தமாவது ஒரு கூட்டத்தின் வேலை. கோடானுகோடி அணுக்கள் அணிவகுப்பில் நிற்கும் மாணவியரைப் போல ஒரே திசையை நோக்கி நிற்கின்றன. ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் காந்தமும் கலைந்துவிடும்.

அப்படியானால் கூட்டத்தின் துணையின்றி, தன்னந்தனியாக ஒரேயொரு மூலக்கூறு காந்தமாக நிற்க முடியுமா? நேற்று எந்தப் பக்கம் திருப்பி வைத்தோமோ அந்தப் பக்கத்தையே இன்றும் நினைவில் வைத்திருக்குமா? முடியும் என்று 1993-ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரியவந்தது. கண்ணால் காண இயலாத மூலக்கூற்றின் வயிற்றுக்குள் நடப்பதை எதைக் கொண்டு கேட்டறிந்தார்கள் என்பதே நமக்கு வியப்பளித்தது. விடையைத் தேடிச் சென்றபோது அதன் ஒரு நுனி நம் பக்கத்து ஊரிலேயே இருக்கக் கண்டோம்.

முதலில், ஒரு மூலக்கூற்றுக்குக் காந்தத்தன்மை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு சிறு காந்தம். பெரும்பாலான பொருள்களில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒன்று வடக்கு நோக்கினால் மற்றொன்று தெற்கு நோக்கி, தம் காந்தத்தைத் தாமே அழித்துக்கொள்கின்றன. நீர், சர்க்கரை, கடலை எண்ணெய் எல்லாம் இவ்வகையே. சில உலோக அயனிகளில் மட்டும் இணை கிடைக்காத எலக்ட்ரான்கள் தங்கிவிடுகின்றன. தாமிர அயனியில் அவ்வாறு ஒன்று உண்டு. மாங்கனீஸ் அயனியில் அதன் நிலைக்கேற்ப மூன்றோ, நான்கோ, ஐந்தோ இருக்கும். காந்த மூலக்கூறுகளின் கதை முழுவதும் இந்தத் தனி எலக்ட்ரான்களின் கதையே.

நம் பள்ளி ஆய்வுக்கூடத்து அலமாரியில் நீலக் கற்களாக உள்ள மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, நாம் அனைவரும் அறிவோம். சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கினால் தன் ஐந்து நீர் மூலக்கூறுகளையும் இழந்து வெளுத்துப் போகும். ஒரு சொட்டு நீர் விட்டால் மீண்டும் நீலமாகும். அதனோடு அதன் பாடம் முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். ஆனால் இந்த எளிய உப்பைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, அதன் உள்ளமைப்பைக் கேட்டறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் வத்திராயிருப்பில் பிறந்தவர்.

கோவில்பட்டியிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர் வழியாக வடமேற்கே சென்றால் கரிசல் நிலம் மெல்ல மெல்ல மாறி, மலையடிவாரத்தில் தோப்பும் வயலுமாக வத்திராயிருப்பு வந்துவிடும். அங்கே 1898 டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தவரே சர் கே.எஸ். கிருஷ்ணன். 1928-ல் கல்கத்தாவில் சர் சி.வி. இராமனோடு இருந்து இராமன் விளைவைக் கண்டறிந்தவர் என்று நம் பாடநூல்கள் கூறும். அவர் பெயர் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவது நமக்குக் குறையாகவே படுகிறது. ஏனெனில் அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் அவர் தாமாகவே தொடங்கிய ஆராய்ச்சி படிகங்களின் காந்தத்தைப் பற்றியது. 1933-ல் கல்கத்தாவுக்குத் திரும்பிய பின்னும் அதைத் தொடர்ந்தார். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை உடையவர் அவர் என்பதையும் இங்கே சொல்லிவிடத் தோன்றுகிறது.

அவர் கையாண்ட கருவியை நினைத்தால் நமக்கே துணிவு பிறக்கும். மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்று, அதன் நுனியில் சிறு படிகம், இருபுறமும் காந்த முனைகள். ஒரு படிகம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகக் காந்தத்துக்கு இணங்குவதில்லை. ஆகவே அது தனக்கு உகந்த திசையில் திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்க வேண்டும். படிகம் பிடிவாதக்காரக் குழந்தைபோலத் தன் இடத்தைவிட்டு அதிகம் அசையாது. முறுக்கு ஏறிக்கொண்டே போகும். குறிப்பிட்ட ஓர் அளவு வந்ததும் ‘சட்’டென்று சுழன்று திரும்பிவிடும். அந்தக் கணத்தில் இழை எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்பதே கணக்கு. அதிலிருந்து, படிகம் இரு திசைகளில் காட்டும் காந்தத்தன்மைக்கு உள்ள வேறுபாட்டைத் துல்லியமாகக் கூறிவிடலாம். மூலக்கூறுகள் படிகத்தினுள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதையும் அதைக்கொண்டே அறியலாம். இம்முறையில் அவர் ஆராய்ந்தவற்றுள் நம் மயில்துத்தமும் ஒன்று. ஒவ்வொரு தாமிர அயனியைச் சுற்றியும் ஆக்சிஜன் அணுக்கள் நிற்கும் முறையோடு அதன் காந்த அளவுகள் பொருந்திவருவதை 1936-லும் 1938-லும் முகர்ஜியோடு சேர்ந்து வெளியிட்டார்.

ஆனால் தொங்கும் படிகம் சொல்வது மொத்தக் கணக்கையே. வீட்டு வரவு செலவில் கடைசி மீதத்தை மட்டும் பார்ப்பது போன்றது அது. பத்து ரூபாய் மீதம் என்றால், வரவு இருபதா, இருநூறா, எவர் எவ்வளவு செலவழித்தார் என்று எப்படித் தெரியும்?

இதற்கு நல்ல சான்று தாமிர அசிடேட். காடி பட்ட செம்பில் ஏறும் பச்சைக் களிம்போடு நெருங்கிய உறவுடையது இவ்வுப்பு. தாமிர அயனி ஒவ்வொன்றிலும் ஒரு தனி எலக்ட்ரான் இருப்பதால், குளிரக் குளிர இதன் காந்தத்தன்மை ஏறிக்கொண்டே போக வேண்டும். மயில்துத்தம் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் தாமிர அசிடேட்டைக் குளிர்வித்தபோது, மைனஸ் 18 டிகிரியை ஒட்டி அதன் காந்தத்தன்மை உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்கி, கடுங்குளிரில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. 1951-ல் இதனை அளந்து வெளியிட்டவர் நம் நாட்டவரான பி.சி. குகா. எலக்ட்ரான்கள் எங்கே போயின? எங்கும் போகவில்லை. மறு ஆண்டே இங்கிலாந்தில் பிளீனி, போவர்ஸ் இருவரும் காரணத்தைக் கூறினர். இவ்வுப்பில் தாமிர அயனிகள் இரண்டிரண்டாக அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. குளிரில் ஒன்றன் காந்தத்தை மற்றொன்று எதிர்த்திசையில் நின்று அழித்துவிடுகிறது என்றனர். 1953-ல் எக்ஸ் கதிர் ஆய்வு அந்த இணைகளை நேரில் காட்டியது. வெளியே சூன்யம், உள்ளேயோ இரண்டு பேர் இடைவிடாது கயிறிழுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இத்தகைய உள்விவகாரங்களை உள்ளேயே இருப்பவரிடம் அன்றோ கேட்க வேண்டும்? அப்படி உள்ளே இருப்பவைதாம் அணுக்கருக்கள்.

ஹைட்ரஜன், மாங்கனீஸ் போன்ற பல அணுக்களின் கருவும் ஒரு சிறு காந்தமே. ஆனால் மிக மிகச் சிறியது. ஹைட்ரஜன் கருவின் காந்தம் எலக்ட்ரானுடையதில் ஏறத்தாழ 660-ல் ஒரு பங்குதான். காந்தப் புலத்தில் வைத்தால் அது, வேகம் தணிந்த பம்பரம் தலையாட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருக்கும். புலம் வலுத்தால் ஆட்டம் விரையும். புலம் தளர்ந்தால் ஆட்டமும் தளரும். ஒரு டெஸ்லா புலத்தில் ஹைட்ரஜன் கரு ஒரு நொடிக்கு 4 கோடியே 26 இலட்சம் முறை ஆடும். அதே வேகத்தில் அதிரும் வானொலி அலையைச் செலுத்தினால், ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளுவதுபோல, கரு அதை ஏற்றுக்கொள்ளும். வேகம் சற்றே மாறினாலும் ஏற்காது. இதுவே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர்.

நம் பகுதியில் பலரும் கேட்கும் கொடைக்கானல் பண்பலையின் அலைவரிசை 100.5 மெகாஹெர்ட்ஸ். 2.36 டெஸ்லா புலத்தில் வைத்த ஒரு குவளை நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் பேசும். வானொலியைத் திருகி நிலையத்தைப் பிடிப்பதும், என்.எம்.ஆர். கருவியில் ஓர் அணுக்கருவைப் பிடிப்பதும் அடிப்படையில் ஒரே வேலை. பூமியின் காந்தப் புலம் நம் ஊரில் ஒரு டெஸ்லாவில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு அளவே என்பதை எண்ணினால் 2.36 டெஸ்லாவின் வலிமை விளங்கும்.

அமெரிக்காவில் பிளாக், பர்செல் ஆகிய இருவரின் குழுக்கள் இம்முறையைத் தனித்தனியே கண்டு 1946-ல் வெளியிட்டன. 1952-ல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன், ஓடுகின்ற நீர்மத்தில் இந்த ஒத்ததிர்வு எவ்வாறு மாறுகிறது என்பதை 1951-லேயே எழுதிவிட்டார். இன்று மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவி இரத்த ஓட்டத்தைக் காட்டும்போது அந்த முன்னோடியை யார் நினைக்கிறார்கள்! அதே 1951-ல், எஸ்.எஸ். தர்மாட்டி அமெரிக்காவில் இருவரோடு சேர்ந்து ஆல்கஹாலை ஆராய்ந்தபோது, அதிலுள்ள ஹைட்ரஜன்கள் ஒரே வரியாக அன்றி மூன்று வரிகளாகப் பேசுவதைக் கண்டார். ஒரே ஹைட்ரஜன்தான், ஆயினும் அக்கம்பக்கம் மாறினால் குரலும் மாறுகிறது. பின்னர் அவர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தார்.

இங்கே கடலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் கோவில்பட்டிக்காரர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். காய்ந்த கடலைப் பருப்பில் மாவும் புரதமும் திண்மம். எண்ணெய் மட்டும் நீர்மம். திண்மத்தின் ஹைட்ரஜன்கள் எழுப்பும் குரல் கண நேரத்தில் அடங்கிவிடும். எண்ணெயின் குரல் சற்று நீடிக்கும். அந்த நீடித்த குரலின் வலிமையை அளந்தால், விதையை உடைக்காமலே அதில் எவ்வளவு எண்ணெய் என்று சொல்லிவிடலாம். புதுடில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் விதைகளுக்கு இத்தகைய முறையை 1974-ல் வெளியிட்டனர். செக்கில் போட்டுப் பார்த்த கடலை முளைக்காது. இப்படிப் பார்த்த கடலையை மறுநாளே விதைக்கலாம்.

மீண்டும் நம் மயில்துத்தத்துக்கு வருவோம். கிருஷ்ணன் வெளியிலிருந்து அளந்த அதே படிகத்தை, புளோம்பெர்கன் என்ற அறிஞர் 1950-ல் உள்ளிருந்து கேட்டார். அதிலுள்ள ஐந்து நீர் மூலக்கூறுகளில் பத்து ஹைட்ரஜன்கள் உள்ளன அல்லவா? அவை தாமிர அயனியிலிருந்து வெவ்வேறு தொலைவிலும் கோணத்திலும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொன்றும் உணரும் புலம் வேறு. பேசும் அலைவரிசையும் வேறு. கடுங்குளிரில் அந்த வரிகள் பிரிந்து தோன்றின. தாமிரத்தின் காந்தம் அருகில் எவ்வளவு, தள்ளி எவ்வளவு என்பதை நீரே ஒற்றறிந்து சொல்லிற்று எனலாம். ஹைட்ரஜன் கருவின் காந்தம் மிகச் சிறியதாக இருப்பதால் தாமிரத்தை அது சிறிதும் தொல்லைப்படுத்துவதில்லை. நல்ல ஒற்றனுக்கு இதைவிட வேறென்ன இலக்கணம்?

கரைசலில் உள்ள மூலக்கூறுகளுக்கும் ஓர் எளிய வழி உண்டு. 1959-ல் இவான்ஸ் என்பவர் கூறியது அது. காந்த உப்பின் கரைசலில் காந்தத்தன்மையற்ற ஒரு துணைப்பொருளைச் சிறிது கலந்து குழாயில் ஊற்ற வேண்டும். அதனுள் ஒரு நுண்குழாயை வைத்து, அதில் உப்பில்லாமல் துணைப்பொருளை மட்டும் கரைத்து ஊற்ற வேண்டும். துணைப்பொருள் ஒன்றே எனினும் இரண்டு வரிகள் தோன்றும். அவற்றின் இடைவெளியை அளந்தால் உப்பின் மூலக்கூறு ஒன்றில் எத்தனை தனி எலக்ட்ரான்கள் உண்டு என்று கணக்கிட்டுவிடலாம். வேதியியல் ஆய்வகங்களில் இன்றும் இது அன்றாட வழக்கம்.

இனி, தன்னந்தனியாக நிற்கும் அந்த மூலக்கூற்றுக் காந்தத்தைக் காண்போம். அதன் பெயர் மாங்கனீஸ்-12 அசிடேட். 1980-ல் போலந்து நாட்டு வேதியியலார் லிஸ் இதைச் செய்தார். செய்பொருள்களைக் கேட்டால் வியப்பீர்கள். கிணற்று நீரைச் சுத்தம் செய்யப் போடும் பர்மாங்கனேட், மாங்கனீஸ் அசிடேட், காடியின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் ஆகியவையே. இதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் பன்னிரண்டு மாங்கனீஸ் அயனிகள் உள்ளன. நடுவே நான்கு, அவற்றைச் சுற்றி வளையமாக எட்டு. புள்ளி வைத்த சிறு கோலம் போன்ற அமைப்பு. நடுவில் உள்ளவற்றில் ஒவ்வொன்றுக்கும் மூன்று தனி எலக்ட்ரான்கள். வெளி வளையத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு. ஆக 12-ம் 32-ம் சேர்ந்து 44.

வெளியிலிருந்து அளந்தபோது மூலக்கூற்றின் காந்தத்தன்மை 44 எலக்ட்ரான்களுக்கு உரியதாக இல்லை. 20-க்கு உரியதாகவே இருந்தது. தோழியரே, இங்கே ஒரு சிறு கணக்குப் போடுங்கள். மொத்தம் 44, மீதம் 20 என்றால், ஒரு பக்கம் 32, எதிர்ப்பக்கம் 12 என்றாகும். சரி, எதிர்ப்பக்கம் நிற்கும் அந்த 12 பேர் யார்? நடுவிலுள்ள நான்கு அயனிகளா (4 × 3 = 12)? அல்லது வெளி வளையத்தில் மூன்று அயனிகளா (3 × 4 = 12)? இரண்டுக்கும் விடை 12. வெளியிலிருந்து பார்க்கும் எந்தத் தராசும் இந்த ஐயத்தைத் தீர்க்காது.

தீர்த்துவைத்தவற்றுள் ஒன்று மாங்கனீஸ் கருவின் ஒத்ததிர்வு. மைனஸ் 271 டிகிரியை ஒட்டிய குளிரில், வெளியே காந்தமே வைக்காமல், கருக்கள் தாமாகவே பேசின. ஏனெனில் ஒவ்வொரு கருவும் தன் அயனியின் எலக்ட்ரான்களால் 20 முதல் 35 டெஸ்லா வரையிலான உட்புலத்தில் அமர்ந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. கருவிகளில் பரவலாக உள்ள காந்தம் 1.5 டெஸ்லாதான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! ஏறத்தாழ 230, 280, 365 மெகாஹெர்ட்ஸ் என்ற மூன்று இடங்களில் வரிகள் கிடைத்தன. முதலாவது நடுவிலுள்ள நான்குக்கு உரியது. மற்ற இரண்டும் வெளி வளையத்துக்கு உரியவை. அந்த எட்டும் நான்கு நான்காக இருவகை இடங்களில் இருப்பதால் இரண்டு வரிகள். பிறகு வெளியிலிருந்து ஒரு காந்தப் புலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வரி மேலே ஏறியது. மற்ற இரண்டும் கீழே இறங்கின. அதாவது நடுவிலுள்ள நான்கும் ஒரு பக்கம், சுற்றியுள்ள எட்டும் எதிர்ப்பக்கம். இவ்வாறு ஐயம் தீர்ந்தது. நியூட்ரான்களைக் கொண்டு செய்த ஆய்வும் இதையே கூறியது. ஜப்பான் ஆய்வாளர்கள் இவ்வேலையில் பெரும் பங்கு கொண்டனர்.

1993-ல் இத்தாலியரான செசோலி, கட்டெஸ்கி ஆகியோரும் உடன் உழைத்தோரும் வெளியிட்ட செய்தி இம்மூலக்கூற்றின் நினைவாற்றலைப் பற்றியது. ஒரு பக்கம் திருப்பி வைத்துப் புலத்தை அகற்றிவிட்டால், மைனஸ் 271 டிகிரியில் அது ஏறக்குறைய இரண்டு மாதங்கள் அந்தப் பக்கத்தை மறப்பதில்லை. அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் பிடித்து நிறுத்துவதால் அன்று; தன் சொந்த அமைப்பினால். அறிவியலாரை இழுத்த ஆசையும் இதுவே. ஒரு மூலக்கூறு இருபக்கங்களில் ஒன்றை நினைவில் வைக்குமானால், அதுவே கணிப்பொறியின் ஒரு ‘பிட்’. குண்டூசித் தலையளவு இடத்தில் நூலகங்களை அடைக்கலாமே என்பது கனவு.

மறதி எப்படி வருகிறது என்பதைக் கவனிக்கவும் என்.எம்.ஆர். உதவுகிறது. புலத்தைத் திடீரென்று எதிராகத் திருப்பினால், திரும்பாத மூலக்கூறுகளின் கருக்கள் ஓர் அலைவரிசையிலும், திரும்பிவிட்டவற்றின் கருக்கள் வேறோர் அலைவரிசையிலும் பேசும். ஒரு வரி தேய, மற்றொரு வரி வளர்வதைப் பார்த்துக்கொண்டே, எத்தனை பங்கு மறந்துவிட்டன என்று எண்ணலாம். இவ்வாறு பார்த்ததில், வெப்பத்தின் உதவியே இல்லாத கடுங்குளிரிலும் சில மூலக்கூறுகள் பக்கம் மாறுவது புலனாயிற்று. மலையை ஏறிக் கடக்காமல் உள்ளே துளைத்துச் செல்வதுபோல் அவை மாறுகின்றன. குவாண்டம் இயலின் இந்தத் துளைத்தல், மாங்கனீஸ்-12-ன் காந்த அளவுகளில் படிக்கட்டுபோல் தோன்றுவதை 1996-லேயே கண்டிருந்தனர்.

கனவுக்குத் தடை வெப்பமே. மாங்கனீஸ்-12 சில டிகிரி சூடேறினாலும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அக்குளிருக்கு நீர்ம ஹீலியம் வேண்டும். அதற்குச் செலவு அதிகம், நம் நாடோ ஹீலியத்தைப் பெரிதும் வெளியிலிருந்தே வாங்குகிறது. நீர்ம நைட்ரஜன் அப்படியன்று. கால்நடை மருத்துவமனைகளில் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை வைத்திருக்கும் கலத்தில் இருப்பது அதுதான். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. ஆகவே அந்த அளவில் நினைவை இழக்காத மூலக்கூறு கிடைக்குமா என்று தேடினார்கள். மாங்கனீஸை விட்டுவிட்டு டிஸ்புரோசியம் என்ற அருமண் உலோகத்தை எடுத்து, ஒரேயோர் அயனியை இருபுறமும் கார்பன் வளையங்களால் அழுத்திப் பிடித்தார்கள். 2017-ல் மைனஸ் 213, மறு ஆண்டில் மைனஸ் 193. நீர்ம நைட்ரஜனின் எல்லை தாண்டப்பட்டது. 2025-ல் வேறொரு டிஸ்புரோசியம் மூலக்கூறு மைனஸ் 173 டிகிரி வரை எட்டியிருக்கிறது. அங்கும் அதன் நினைவு மாதக்கணக்கில் நிற்பதில்லை, மிகச் சிறு பொழுதே. நம் ஊரின் சித்திரை வெயில் 40 டிகிரி. இடையே இன்னும் இருநூற்றுப் பதிமூன்று டிகிரி இருக்கிறது.